நாலாவது ஆள்

நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

வெள்ளக்கடை, கொட்டச்சேடு என்ற மலை ஊர்களிலிருந்து முப்பத்தொரு பேர் மனுவேலை நம்பிக் கொடுத்த பணம் அது. ஆட்டத்துக்கு ஒரு ரூபாய் என்று முன்கூட்டியே வாங்கிவிட்டான். யாரும் கண்ணால் காணாத மிஷினில், யாரும் ஆடாத நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம். அத்தனையும் அவன் ஊருக்குப் பட்ட கடன்.

கொடுத்தவர்களுக்குச் சீட்டு உண்டு. மனுவேலின் தங்கை அமலி பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளைக் கத்தரித்து, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் 'ஒரு ஆட்டம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒருவர் சீட்டில் நட்சத்திரத்தின் ஒரு முனை இருக்கும். இன்னொருவர் சீட்டில் ஆட்டுக்குட்டியின் காது.

மனுவேல் எஸ்டேட் வேலையை உதறியதையும், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குக் கீழே ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு 'வீடியோ கேம்' என்று போர்டு மாட்டியதையும், அதற்காக அவன் அம்மா தெரசம்மாள் இருபது நாள் அவனோடு பேசாமல் இருந்ததையும் இதுவரை பார்த்தோம். கிறிஸ்துமஸுக்கு மிஷின் வரும் என்றான். வரவில்லை. இருபத்தெட்டாம் தேதி என்றான். அன்றும் வரவில்லை. சீட்டு வாங்கியவர்கள் இரண்டு தடவையும் மலையேறி வந்து, கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போனார்கள். காப்பி பூத்துப் பழுக்கிற வரைக்கும் காத்திருந்து பழகியவர்கள். காத்திருப்பது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை.

மூன்றாவதாகச் சொன்ன தேதி 1994 ஜனவரி ஒன்று. அன்றைக்கு மிஷின் வந்துவிட்டது.

வராமலே இருந்திருக்கலாம்.

*

சேலத்தில் வீடியோ கேம் மிஷின் விற்கிற ஞானசுந்தரம் தன் ஜீப்பிலேயே கொண்டுவந்து இறக்கினார். பீரோ உயரம். நெற்றியில் நாலு சண்டைக்காரர்களின் படம். மூன்று பேருக்கு முகம் தெரிந்தது. நாலாவது ஆள் முகத்தைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தான்.

"மூணு பேர ஜெயிச்சாத்தான் இவன் மூஞ்சியக் காட்டுவான்" என்றார் ஞானசுந்தரம். பிறகு சுவரைப் பார்த்தார். "ஸ்டெபிலைசர் எங்கேப்பா?"

"வருதுங்க" என்றான் மனுவேல்.

"வரட்டும், அப்புறம் திற. கரண்ட் ஏறி இறங்கினா அதச் சமமா புடிச்சுக் குடுக்கறது அந்தப் பெட்டிதான். அது இல்லேன்னா ஆட்டம் பாதியில நின்னுடும். மலையில கரண்ட் என்ன லட்சணம்னு நான் உனக்குச் சொல்லணுமா? ரெண்டு வாரம் பொறுத்துக்கோயேன்."

"நோட்டீஸ் ஒட்டிட்டேனுங்க. கூட்டத்தப் பாருங்க."

ஞானசுந்தரம் கூட்டத்தைப் பார்த்தார். மனுவேலைப் பார்த்தார். "உன் இஷ்டம்" என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அமலி அண்ணனின் கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"ஸ்டெபிலைசருக்குக் காசு எடுத்துட்டுப் போனியே, எங்கண்ணா அது?"

மனுவேல் பின்சுவர் ஓட்டை வழியாக உள்ளே மோட்டுவளையைக் காட்டினான். அங்கே ஆள் உயரமுள்ள ஒரு ஸ்பீக்கர் பெட்டி தொங்கியது.

"சத்தம் இருந்தாத்தான் புள்ள கூட்டம் நிக்கும். ஸ்டெபிலைசர யாரு பாக்கறா?"

"அந்த மனுசன் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லியா?"

"ஏவாரிங்க எல்லாரும் அப்படித்தான் பயமுறுத்துவாங்க. நீ போயி சீட்ட வாங்கு."

அமலி போனாள். ஆனால் நோட்டைப் பிரித்து முதல் வரியில் மணியை எழுதினாள். அவள் எஸ்டேட் பால்வாடியில் ஆயா. பிள்ளைகள் வருகிற நேரம் போகிற நேரம் எல்லாவற்றையும் எழுதிப் பழகிய கை அது.

*

காலையில் மிஷின் நன்றாகவே ஓடியது.

வரிசையில் முதல் ஆளாகக் கொட்டச்சேட்டு வேடியப்பன் நின்றான். முப்பத்தைந்து வயது. இரண்டு ஏக்கர் காப்பி, பத்து ஆரஞ்சு மரம், மூன்று பிள்ளைகள். சேலம் பொருட்காட்சியில் இதே ஆட்டத்தை ஒரு தடவை ஆடித் தோற்றவன். அதற்குப் பிறகு பலகையில் கரியால் ஆறு வட்டம் போட்டு, அதையே பட்டன்களாக நினைத்து ஆறு மாதமாக விரலைப் பழக்கிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி மாதம்மாள் அந்தப் பலகையை ஒருமுறை அடுப்பில் வைக்கப் போய், வீட்டில் பெரிய சண்டை. ஆரஞ்சு விற்ற காசில் நாற்பது சீட்டு வாங்கியிருந்தான்.

"ஏனுங் வேடியண்ணா, பலகையக் கொண்டாரலீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"அது ஊட்டுல இருக்குது. இன்னைக்கு நெசத்துக்கு."

இரண்டு பேரைச் சாய்த்தான். கூட்டம் கத்தியது. மூன்றாவது ஆள் குனிந்து காலை வாரிவிட்டான். வேடியப்பன் விழுந்தான். திரையில் அவனுடைய ஆள் எழுந்திருக்கவில்லை.

"அடிச்சுப் போட்டான்யா" என்று சிரித்தபடி நகர்ந்தான் வேடியப்பன். "காலத் தூக்கறதுக்கு முன்னாடி அவன் தோளு அசையுது. பாத்துட்டேன். அடுத்த தடவ விட மாட்டேன்."

அடுத்த தடவை அவன் முறை வரும்போது மணி இரண்டேகால்.

முதல் ஆள் விழுந்தான். இரண்டாவது ஆள் விழுந்தான். மூன்றாவது ஆளின் தோள் அசைந்தது. வேடியப்பன் எம்பிக் குதித்தான். குதித்தவன் அப்படியே அந்தரத்தில் நின்றான்.

கீழே வரவில்லை.

திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடின. அப்புறம் கறுப்பு. அப்புறம் முதல் பக்கம். நாலு சண்டைக்காரர்களும் புதிதாக வந்து கும்பிட்டார்கள்.

"என்னாச்சுப்பா?"

"பட்டனப் போட்டு அப்படிக் குத்தினா?" என்றான் மனுவேல். "மெதுவா அமுக்கோணும்."

வேடியப்பன் இன்னொரு சீட்டை நீட்டினான். ஆட்டுக்குட்டியின் வால். இரண்டு நாற்பதுக்கு மறுபடியும் நின்றது. இந்த முறை அவனுடைய கை, மூன்றாவது ஆளின் தாடைக்கு ஒரு விரற்கடை முன்னால்.

"இது மிஷின் கோளாறு, மனுவேலு."

"மிஷினுக்கு ஒண்ணும் இல்லீங்க. புதுசு. ஆடத் தெரிஞ்சவங்க ஆடினா நிக்காது."

பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருக்கினார்கள்.

வேடியப்பன் திரும்பிப் பார்த்தான். "என்ன சொன்ன?"

"ஆடத் தெரி..."

"கிறிஸ்மஸுக்கு வந்தேன். மிஷின் இல்லேன்ன. செரின்னு போனேன். இருவத்தெட்டுக்கு மழைல நனஞ்சுட்டு வந்தேன். இல்லேன்ன. செரின்னு போனேன். ஒரு வார்த்த கேட்டனா? இன்னைக்கு என்ற காச வாங்கி வச்சுக்கிட்டு எனக்கு ஆடத் தெரியலேங்கற?"

அடுத்து ஒரு கல்லூரிப் பையன் ஆடினான். மூன்று ஐந்துக்கு நின்றது. வெள்ளக்கடை டெய்லர் ஆடினார். மூன்று இருபத்தைந்துக்கு நின்றது. எல்லாரும் மூன்றாவது ஆள் வரைக்கும்தான். நாலாவது ஆளின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

"ஏமாத்து மிஷின்!"

"மூணாவது ஆளோட நிக்கற மாதிரி செஞ்சு வச்சிருக்கறான்!"

"நாலாவது ஆளே கெடயாதுடா! படம் மட்டும்தான்!"

ஆரஞ்சுத் தோல் ஒன்று பறந்து வந்து திரையில் ஒட்டியது. யாரோ மிஷினைப் பிடித்து உலுக்கினார்கள். மனுவேல் பாய்ந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"எம் மேல கோவப்படாதீங்க! கோளாறான மிஷினத் தலையில கட்டிட்டுப் போயிட்டான் அந்த ஞானசுந்தரம்! நாளைக்கே சேலம் போயி அவன் சட்டையப் புடிக்கறேன்!"

அமலி தலையைத் தூக்கினாள். காலையில் அந்த மனுஷன் சொன்னதைக் கேட்டவள் அவள்.

"அண்ணா" என்றாள்.

"நீ சும்மா இரு."

"அண்ணா, அவரு..."

"சும்மா இருன்னேன்!"

அமலி நோட்டில் மணியை எழுதினாள். எழுதிய வேகத்தில் தாள் கிழிந்தது.

*

தெரசம்மாள் காலையில் பூசை முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டாள். பறித்த காப்பிப் பழத்தை அன்றன்றைக்கே தோலுரித்தாக வேண்டும், இல்லையென்றால் புளித்துப்போகும். பழத்துக்குப் புது வருஷம் தெரியுமா?

முப்பது வருஷம் பழம் பறித்தவள். இடுப்பு விட்டுப்போன பிறகு, இந்தப் பருவத்தில் பல்ப்பர் வீட்டில் வேலை. காலையில் தொட்டி கழுவுகிற வேலை; மத்தியானத்துக்கு மேல்தான் மேலிருந்து டிராக்டர் பழம் கொண்டுவந்து கொட்டும். மோட்டார் போடுவார்கள். பல்ப்பர் கடகடவென்று தோலைத் துப்பும். கால் மணி நேரத்தில் அந்த லோடு முடிந்துவிடும். மோட்டாரை நிறுத்திவிட்டு அடுத்த டிராக்டருக்குக் காத்திருப்பார்கள். மோட்டார் போடுகிற ஒவ்வொரு தடவையும் தலைக்கு மேலே தொங்கும் பல்பு ஒரு நிமிஷம் சிவந்து மங்கும். அது எல்லாருக்கும் பழகிப்போன விஷயம்.

நாலு மணிக்குக் கீழே ரோட்டிலிருந்து கூச்சல் கேட்டது. மகனுடைய குரல் அதில் இருந்தது. பக்கத்தில் இருந்த ஆராயியிடம், "செத்த பாத்துக்க ஆயா" என்று சொல்லிவிட்டு, கையெல்லாம் வழவழவென்று பழத் தோலோடு சரிவில் இறங்கினாள்.

அவள் கொட்டகைக்குள் நுழையும்போது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மேலே டிராக்டர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பழம் சரிகிற சத்தம். பிறகு மோட்டார்.

திரையில் ஒருவன் காலைத் தூக்கியபடி சிலையாக நின்றான்.

கூட்டம் ஓவென்று கத்தியது. தெரசம்மாள் கத்தவில்லை. கொட்டகை பல்பைப் பார்த்தாள். சிவந்து மங்கி இருந்தது.

"அமலி, எத்தன தடவ நின்னுச்சு?"

"ஆறும்மா. மணி எழுதியிருக்கேன்."

"படி."

"ரெண்டேகால். ரெண்டு நாப்பது. மூணு அஞ்சு. மூணு இருவத்தஞ்சு. மூணு அம்பது. இப்ப நாலு பத்து."

"ஆறு லோடு" என்றாள் தெரசம்மாள். "ரெண்டேகாலுக்கு மொத லோடு."

அவள் கொட்டகையை விட்டு வெளியே வந்து பின்பக்கம் போனாள். பின்சுவர் ஓட்டையிலிருந்து ஒரு கறுப்பு வயர் வெளியே வந்தது. சில்வர் ஓக் மரத்தில் ஏறி, மிளகுக் கொடியோடு கொடியாகச் சுற்றி, அடுத்த மரத்துக்குத் தாவி, அதற்கடுத்த மரத்துக்குத் தாவி, மேலே லைன் வீட்டுக்குப் போனது. ஏழாம் நம்பர் வீடு. அவளுடைய வீடு.

மனுவேல் பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஒரு பல்புக்குன்னு சொன்ன" என்றாள் தெரசம்மாள்.

"அம்மா, மெதுவா பேசு..."

"ராத்திரி கொட்டகைல ஒத்த பல்பு எரியோணும்னு சொன்ன. நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். மிஷின இதுல மாட்டியிருக்கறயா?"

"கரண்ட் ஆபீசுல மார்ச் மாசம்னு சொல்றாங்கம்மா! அதுவரைக்கும் காசு குடுத்தவங்க சும்மா இருப்பாங்களா?"

"இருந்தாங்கல்ல!" தெரசம்மாளின் சத்தத்தில் முன்பக்கத்துக் கூட்டம் அடங்கியது. "ரெண்டு தடவ வந்துட்டு ஒண்ணும் பேசாம போனாங்கல்ல! கரண்ட் வல்ல, மார்ச்சு ஆகும்னு சொல்லியிருந்தா மார்ச்சு வரைக்கும் இருந்திருப்பாங்க. இருக்க முடியாதவன் நீதான்டா!"

"அம்மா, கால்ல உழுவறேன். எஸ்டேட் கரண்ட்ட வெளிய இழுத்தா ஊட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. ஞானசுந்தரம் மேல போட்டுட்டா இது இத்தோட போயிரும். அவரு சேலத்துல இருக்கறாரு, அவருக்கு என்ன குறஞ்சுடப் போவுது?"

தெரசம்மாள் பழத் தோல் ஒட்டிய கையாலேயே ஓங்கி அறைந்தாள். மனுவேலின் கன்னத்தில் தோல் சிவப்பாக ஒட்டிக்கொண்டது.

"வேடியப்பனுக்கு ஆடத் தெரியலேன்ன. அந்தாளு மிஷினக் குடுத்து ஏமாத்திட்டான்ன. அடுத்தது யாரு? பல்ப்பரப் போட்டது எங்கம்மாதான்னு சொல்லுவியா?"

அவள் வயரைப் பிடித்தாள். மிளகுக் கொடி அறுந்து விழ விழ இழுத்தாள். அமலி மேலே ஓடி, வீட்டில் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். கொட்டகையில் ஸ்பீக்கர் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது.

*

கூட்டம் கலையவில்லை. கையில் சுருட்டிய வயரோடு தெரசம்மாள் அவர்கள் முன்னால் வந்து நின்றாள்.

"மிஷின்ல கோளாறு இல்லீங்க. உங்க கையிலயும் கோளாறு இல்ல. இது என்ற ஊட்டுக் கரண்ட்டு, பல்ப்பர் லைன்ல வருது. மேல மோட்டார் போட்டா இங்க ஆட்டம் நிக்கும். அது தெரிஞ்சும் தெரியாத மாதிரி கடையத் தொறந்தவன் என்ற மவன்."

"அக்கா, ஊடு போயிருமே" என்றார் டெய்லர், குரலைத் தாழ்த்தி.

"போனா என்ற ஊடுதான் போவும். அமலி, மேல மரப்பெட்டில துணிப்பை இருக்குது. எடுத்துட்டு வா."

பையில் இருந்தது உபரிக் காசு. அளவுக்கு மேல் கொட்டிய ஒவ்வொரு கிலோ பழத்துக்கும் எஸ்டேட் வருஷக் கடைசியில் கொடுப்பது. முந்தாநாள்தான் வாங்கினாள். நானூற்று முப்பது ரூபாய். போன பருவத்தில் நாலே மாதம் அப்படிப் பறித்ததில்தான் அவள் இடுப்பு போனது. போன ஜனவரியில் முடிந்த வேலைக்கு இப்போதுதான் கூலி கைக்கு வந்திருக்கிறது. அந்தப் பணத்தில் சேலம் போய் இடுப்பைப் படம் பிடித்துப் பார்ப்பதாக இருந்தாள்.

"அம்மா, அது வேண்டாம்" என்றான் மனுவேல்.

"இது உனக்குப் புண்ணியத்துக்குக் குடுக்கல. அந்த ஸ்பீக்கர விப்பியோ, கல்லு ஒடைப்பியோ, எனக்குத் திருப்பிக் குடுக்கோணும். இப்ப புடி. நீயே குடு. ஆளுக்கு ஆளு, தப்பு என்னுதுன்னு சொல்லிக் குடு. காலைல ஆடின ஆட்டத்துக்கும் சேத்துக் குடு."

அமலி நோட்டைப் பிரித்துப் பேர் படித்தாள். ஒவ்வொருவராக வந்து சீட்டைக் கொடுத்தார்கள். ஆடி முடித்த சீட்டுகளை அமலி பெட்டியிலிருந்து எடுத்துக் கணக்கில் சேர்த்தாள். மனுவேல் எண்ணிக் கொடுத்தான்.

"தப்பு என்னுதுங்க."

யாரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. வேண்டாம் வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. எல்லாரும் எண்ணிப் பார்த்து வாங்கினார்கள். காலையில் நன்றாக ஆடியவர்களும் முழுசாக வாங்கினார்கள். ஏன் வாங்கக் கூடாது? பனியில் கை விறைக்கச் சம்பாதித்த காசு.

கல்லூரிப் பையன் மட்டும், "ஆடத் தெரியலேன்னு சொன்னதுக்கு என்ன குடுப்பீங்க?" என்று கேட்டான். மனுவேல் தலையைக் குனிந்து அடுத்த ஆளின் காசை எண்ண ஆரம்பித்தான். பையன் தன் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

முப்பத்தொன்றாவது பேர் வேடியப்பன்.

நாற்பது ரூபாய். மனுவேல் எண்ணி நீட்டினான். "தப்பு என்னுதுங்க, வேடியண்ணா."

வேடியப்பன் எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான். மடித்து இடுப்பில் சொருகினான். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தை மட்டும் வெளியே எடுத்து, அணைந்து கிடந்த மிஷின் மேல் வைத்தான்.

"காலைல மொத ஆட்டம் ஒழுங்கா ஓடுச்சு. மூணாவது ஆளு என்னைய நியாயமாத்தான் அடிச்சான். அந்தக் காசு உன்னுது."

மனுவேல் எதுவோ சொல்ல வாயெடுத்தான்.

"ஒண்ணும் சொல்லாத. உன்ற மேல இருக்கற கோவம் கோவந்தான். இது மூணாவது ஆளுக்கு."

அவன் போய்விட்டான். கொட்டச்சேட்டுக்குப் போகிற ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அமலி நோட்டில் கடைசிப் பேரையும் அடித்தாள். திருப்பிக் கொடுத்தது நானூற்றுப் பதினொன்று. ஆடிக் கழித்தது ஒன்று. கூட்டி, அடியில் இரண்டு கோடு போட்டாள். கத்தரித்த நட்சத்திரங்களும் ஆட்டுக்குட்டிகளும் அவள் காலடியில் குவிந்து கிடந்தன.

ரோட்டில் எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டரின் புல்லட் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. மரத்திலிருந்து அறுந்து தொங்கிய மிளகுக் கொடிகளைப் பார்த்தார். அது எந்த வீடு வரைக்கும் அறுந்திருக்கிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து போய்ப் பார்த்தார். கடைசியில் தெரசம்மாளின் கையைப் பார்த்தார்.

"என்ன தெரசம்மா அது கைல?"

தெரசம்மாள் வயர்ச் சுருளை மறைக்கவில்லை.

"ஊருக்குக் குடுக்க வேண்டியத இப்பத்தானுங்க குடுத்து முடிச்சோம்" என்றாள். "உங்களுக்கு என்ன பாக்கின்னு நீங்க சொல்லுங்க."